எனக்கு முன்னே ஓடியவள்



ஆண்டு தொடங்கிப் பள்ளி திறந்து சில வாரங்கள் ஆனதும் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டும். பள்ளியில் குறுக்கோட்டப் போட்டி நடக்கவிருக்கிறது, பிள்ளை கலந்துகொள்ள அனுமதி தாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கீழே கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கும். அதைப் பார்த்ததும், "படிக்கிற பிள்ளைக்கு வெயில்ல ஓட்டம் எதுக்கு?" என்று தோன்றுகிற அப்பாக்கள் உண்டு. "வயசுக்கு வரப்போற பொண்ணு காடு மேடெல்லாம் ஓடணுமா?" என்று முணுமுணுக்கிற பாட்டிகளும் உண்டு. கையொப்பம் போட்டு அனுப்பிய வீடுகளிலும் பிள்ளை வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "முதலாவதா வந்தியா?" என்பதுதான். இல்லை என்று தலையாட்டினால், "அப்புறம் எதுக்கு ஓடின?" என்று ஒரு சிரிப்பு. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கடிதத்தை எழுதி அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கெடாவின் தோட்டப் பள்ளிகளில் பாடமும் சொல்லித் தருகிறேன், பிள்ளைகளை ஓடவும் வைக்கிறேன். "அப்புறம் எதுக்கு ஓடின?" என்ற கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

குறுக்கோட்டம் என்பது திடலில் வட்டமாகக் கோடு போட்டு ஓடுகிற ஓட்டமல்ல. திடலில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, சமமான தரை, கண்ணெதிரே முடிவுக் கயிறு. குறுக்கோட்டத்திலோ மேடு உண்டு, பள்ளம் உண்டு, சேறு உண்டு, வேர் உண்டு. தொடங்கிய சிறிது நேரத்தில் பார்வையாளர்களும் மறைந்துவிடுவார்கள். பிறகு உங்களுக்குத் துணை, உங்கள் மூச்சும் உங்களுக்கு முன்னே ஓடுகிறவரின் முதுகும்தான்.

இந்த ஓட்டம் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டாகப் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரின் பள்ளியில் இரண்டு பையன்கள் நரிகளாக முன்னே ஓடுவார்களாம். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அவர்களைத் துரத்துவார்கள். நரிகள் வழியெங்கும் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே போகும், துரத்துகிறவர்கள் அதைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். 1868ஆம் ஆண்டில் லண்டனில் இதற்கென்றே ஒரு கழகம் தோன்றியது. அந்த விளையாட்டு வளர்ந்து, 1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. 1924இல் பாரிஸில் கொளுத்திய வெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு ஒலிம்பிக் அதைக் கைவிட்டுவிட்டது. 1973இல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் உலகக் குறுக்கோட்டப் போட்டி தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே பெண்களுக்கும் தனி ஓட்டம் வைத்தார்கள்.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் காகித ஓட்டத்துக்கு நம் நாட்டிலும் ஒரு பெரிய கிளை உண்டு. 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயக் கணக்காளரும் அவருடைய நண்பர்களும் ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்ட விடுதிக்கு வைத்திருந்த கேலிப் பெயரையே குழுவுக்கும் சூட்டி, 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்று அழைத்தார்கள். வாரந்தோறும் வேலை முடிந்த மாலையில் பட்டணத்தைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் காகிதத் தடம் போட்டு ஓடினார்கள். கிஸ்பர்ட் 1942இல் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார். போர் முடிந்ததும் நண்பர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்க, அது உலகமெங்கும் பரவி இன்றைக்கும் நடக்கிறது. ஓட்டம் முடிந்ததும் பீர் குடிப்பது அவர்களுடைய வழக்கம். அந்தப் பகுதியை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை!

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தடம் சில இடங்களில் திடீரென்று அறுந்துபோகும். சில இடங்களில் பொய்த் தடமும் இருக்கும். முன்னே ஓடுகிற வேகக்காரர்கள் அங்கும் இங்கும் அலைந்து சரியான வழியைத் தேட வேண்டும். அதற்குள் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வேகக்காரரும் மெதுவானவரும் ஒரே கூட்டமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

துரைமார்கள் மாலையில் பொழுதுபோக்காக ஓடிய அதே நிரைகளில்தான் விடிவதற்கு முன்பே நம் பாட்டனும் பாட்டியும் ஓட்டமும் நடையுமாக மரம் வெட்டினார்கள். நானூறு, ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதற்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை. ஆகவே ஓட்டம் நமக்குப் புதிது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஜெராய் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். நாங்கள் ஆற்றோர டிவிஷன், அவர்கள் மேட்டு டிவிஷன். பள்ளி ஒன்றுதான், கோயிலும் ஒன்றுதான். ஆனால் பந்து விளையாட்டானாலும் திருவிழாக் காவடியானாலும் இரண்டு டிவிஷனுக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். கடை வாசலில் அம்மாக்கள் பேசிக்கொள்ளும்போதுகூட, "உங்க டிவிஷன்", "எங்க டிவிஷன்" என்று பிரித்துத்தான் பேசுவார்கள்.

மேட்டு டிவிஷனில் என் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் கோபித்துக்கொள்வாள். நான்காம் வகுப்பில் முதல் குறுக்கோட்டம். அவள் முதலாவது, நான் இரண்டாவது. ஐந்தாம் வகுப்பிலும் அப்படியே, ஆறாம் வகுப்பிலும் அப்படியே. தோற்றவள் ஜெயித்தவளின் புத்தகப் பையை ஒரு வாரம் சுமக்க வேண்டும் என்பது எங்கள் பந்தயம். மூன்று ஆண்டும் நான்தான் சுமந்தேன். வழி நெடுக அவள் கையை வீசிக்கொண்டு வருவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவள் பள்ளிக்கு வராத நாளில் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

நம் வடபகுதியில் ஆண்டின் முதல் மாதங்கள் நல்ல வறட்சிக் காலம். ரப்பர் மரங்கள் சிவந்து இலையுதிர்ப்பதும் அப்போதுதான். குறுக்கோட்டமும் அந்த நாட்களிலேயே வரும். தரையெங்கும் காய்ந்த இலை மெத்தைபோல் கிடக்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த இலைக்கு அடியில் வேர் இருக்கும், குழி இருக்கும், உருண்டோடும் ரப்பர் விதை இருக்கும். காலை இழுத்து இழுத்து ஓடுகிறவர் அங்கே குப்புற விழ வேண்டியதுதான்.

ஆறாம் வகுப்பில் போட்டிக்கு முதல் நாள் மாலை, அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வாடி, வழிய ஒரு தடவ நடந்து பாத்துட்டு வரலாம்" என்றாள். நடந்தோம். ஓரிடத்தில் நின்று காலால் இலையை விலக்கிக் காட்டினாள். அடியில் கை மொத்தத்துக்கு ஒரு வேர். "இங்க கால நல்லாத் தூக்கி வை." கால்வாய்ப் பலகைக்கு வந்ததும், "நடுவுல மிதிக்காத, வழுக்கும். ஓரமாப் போ" என்றாள். பிறகு அவளுடைய இரகசியத்தையும் சொன்னாள். அவள் தூரத்தைப் பார்த்து ஓடுவதில்லையாம். மரம் வெட்டும் அம்மாவோடு விடுமுறையில் காட்டுக்குப் போய்ப் பழகியதால், நிரையை எண்ணிக்கொண்டே ஓடுவாளாம். "பத்து நிர முடிஞ்சா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணு. எவ்வளவு தூரம் இருக்குன்னு மட்டும் பாக்காத."

எங்கள் பள்ளியில் அவளைத் தோற்கடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்த என்னிடம்தான் வேரையும் பலகையையும் காட்டிக்கொடுத்தாள். "ஏன் சொன்ன?" என்று கேட்டேன். "நீ விழுந்துட்டா நான் யாரோட ஓடுறது?" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் சொன்ன பதில் அது. அதைவிடத் தெளிவான பதிலை நான் பயிற்சிக் கல்லூரிப் புத்தகங்களிலும் படித்ததில்லை.

இடைநிலைப் பள்ளிக்கு இருவரும் பட்டணத்துக்குப் பேருந்தில் போனோம். அங்கேயும் அதே வரிசைதான், அவள் முன்னே, நான் பின்னே. 1996இல் மூன்றாம் படிவம். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவள் முதலாவது வந்தாள். நான் அவளுக்குச் சில அடி பின்னால், 17 நிமிடம் 40 விநாடியில் வந்தேன். விளையாட்டு ஆசிரியர் நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டியதால் அந்தக் கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த ஆண்டு இறுதியில் அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்தார். தோட்டமும் கைமாறிக்கொண்டிருந்த நேரம். மேட்டு டிவிஷன் லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வீட்டுக்கு மூத்தவள் அவள். நான்காம் படிவத்துக்கு வரவில்லை. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

1997இல் அதே வழி, அதே தூரம். நான் முதலாவது வந்தேன். மேடையில் ஏறிக் கோப்பை வாங்கினேன். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பள்ளியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். 18 நிமிடம் 25 விநாடி. இரண்டாவதாக வந்த ஆண்டைவிட, முதலாவதாக வந்த ஆண்டில் நான் 45 விநாடி மெதுவாக ஓடியிருக்கிறேன்! என் கால்கள் ஓராண்டு வளர்ந்திருந்தன, பயிற்சியும் குறையவில்லை. குறைந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்கு முன்னே ஓடுவதற்கு அவள் இல்லை.

வாசகர்களே, போட்டி வேறு, பொறாமை வேறு. பொறாமைக்காரர் அடுத்தவர் விழ வேண்டும் என்று நினைப்பார். நல்ல போட்டியாளர் அடுத்தவர் ஓட வேண்டும் என்று நினைப்பார். அடுத்தவர் ஓடினால்தான் தன் காலும் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

உலகப் புகழ் பெற்ற இருவரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுப் போகிற பாட்டா சப்பாத்து எல்லாருக்கும் தெரியும். அந்த நிறுவனம் 1894இல் ஸ்லின் என்ற ஊரில் தொடங்கியது. அந்த ஊர் அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. அங்கே சப்பாத்துத் தொழிற்சாலையில் எமில் சாட்டோபெக் என்ற ஏழைப் பையன் வேலை பார்த்தான். 1941இல் தொழிற்சாலை நடத்திய ஓட்டத்தில் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தினார்கள். தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தான். மருத்துவர் சோதித்து, "நன்றாகத்தான் இருக்கிறாய், ஓடு" என்று அனுப்பிவிட்டார். நூறு பேரில் இரண்டாவதாக வந்தான். அங்கே தொடங்கியது அவனுடைய ஓட்டம்.

அந்த சாட்டோபெக் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவர் அலென் மிமூன். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஓடியவர். போரில் காலில் காயம்பட்டு, அந்தக் காலையே இழக்கும் நிலைக்குப் போய் மீண்டவர். 1952 ஹெல்சிங்கியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் மறுபடி அதே வரிசை. 5,000 மீட்டரில் இருவருக்கும் இடையில் ஒரு விநாடிகூட இல்லை. மிமூன் சாமானியரல்லர், அனைத்துலகக் குறுக்கோட்டப் போட்டியில் நான்கு முறை வென்றவர். ஆனாலும் ஒலிம்பிக் என்று வந்தால் சாட்டோபெக்கின் நிழல் என்றே அவரைச் சொன்னார்கள்.

1956இல் மெல்பர்ன். மராத்தான் ஓட்டம். அன்று மிமூன் முதலாவது வந்தார். ஓட்டத்தை முடித்தவர் கொண்டாடப் போகவில்லை. முடிவுக் கோட்டருகே நின்று தம் நண்பருக்காகக் காத்திருந்தார். அண்மையில்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த சாட்டோபெக் நான்கு நிமிடத்துக்கு மேல் கழித்து ஆறாவதாகக் களைத்து வந்தார். மிமூன் தம் வெற்றியைச் சொன்னதும், சாட்டோபெக் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் செலுத்திக் கட்டித் தழுவிக்கொண்டார். பதக்கத்தைவிட அந்தத் தழுவல்தான் பெரிது என்று மிமூன் பின்னாளில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். பல ஆண்டுகள் தமக்கு முன்னே ஓடி, தம்மை அந்த இடம்வரை இழுத்து வந்தவர் அவர்தாமே!

குறுக்கோட்டத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை. இதில் தனியாளுக்கும் பரிசு உண்டு, அணிக்கும் பரிசு உண்டு. ஓர் அணியில் முதலில் வந்து சேரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அந்த அணிக்கே வெற்றி. ஒரு பள்ளியின் பிள்ளைகள் 1, 2, 15, 20 ஆகிய இடங்களில் வருகிறார்கள், மொத்தம் 38. மற்றொரு பள்ளியின் பிள்ளைகள் 5, 6, 7, 8 ஆகிய இடங்களில் வருகிறார்கள், மொத்தம் 26. முதல் இரண்டு இடத்தையும் பிடித்த பள்ளி தோற்றுவிட்டது! முதல் நான்கு இடத்தில் ஒன்றுகூட இல்லாத பள்ளி வென்றுவிட்டது. அப்படியானால் இருபதாவதாக வந்த பிள்ளையிடம், "அப்புறம் எதுக்கு ஓடின?" என்று கேட்கலாமா? அது இன்னும் ஆறு பேரைத் தாண்டியிருந்தால் அதன் அணியின் கணக்கே மாறத் தொடங்கியிருக்கும். கடைசியில் வருகிறவருக்கும் கணக்கில் இடமுள்ள விளையாட்டு இது.

சரி, என் தோழியிடம் திரும்பி வருவோம். அவளுடைய கடைசி மகள் இப்போது எங்கள் பள்ளியில் படிக்கிறாள். தாயின் கால்கள் அப்படியே மகளுக்கு வாய்த்திருக்கின்றன. சென்ற ஆண்டு மாவட்டப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அனுமதிக் கடிதம் கையொப்பமில்லாமல் திரும்பி வந்தது. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பிறர் முன்னால் அவள் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் யாரும் இல்லாததால் அன்று பழையபடியே பேசினாள். தேநீரை வைத்துவிட்டு, "ஓடி என்னடி கண்டோம்?" என்று கேட்டாள். "நீயும் ஓடின, நானும் ஓடினேன். நான்தான் உன்னவிட நல்லா ஓடினேன். நீ டீச்சர் ஆன. நான் பேக்டரிக்குப் போனேன். ஓட்டம் எனக்கு ஒண்ணும் குடுக்கலியே."

நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஓட்டம் உத்தியோகம் தரும் என்று எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை. அவள் படிப்பை நிறுத்தியது வீட்டின் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை ஒரு கோப்பை தீர்த்திருக்காது. தேநீரைக் குடித்துவிட்டு, "யோசிச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள். "பேக்டரியில முதல் வருஷம் ராத்திரி ஷிப்ட். பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல. கால் மரத்துப் போயிரும். கடிகாரத்தப் பாத்தா அழுக வரும். அப்ப எண்ணுவேன்டி. பத்து நிர, மறுபடி ஒண்ணுலேர்ந்து, பத்து நிர. பக்கத்துல நீ மூச்சு வாங்கிக்கிட்டு வர்ற மாதிரியே இருக்கும். அப்படித்தான் விடியும்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் கடிதத்தை வாங்கிக் கையொப்பம் போட்டாள். "ஓடட்டும். ஆனா தனியா ஓடவிடாத. அவளுக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள்.

ஆள் இருந்தாள். பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து வேனில் எங்கள் பள்ளிக்கு வருகிற இன்னொரு மாணவி. இந்நாளில் தோட்டப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளே அதிகம். அவளும் வேகமாக ஓடுவாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை, தோட்டத்துப் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளை என்ற பேதம்தான். எங்கள் காலத்தில் இரண்டு டிவிஷன் என்றால், இவர்கள் காலத்தில் இது.

அடுத்த சனிக்கிழமை காலை, பயிற்சிக்கு நான் போகும்போது என் தோழி சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையோரம் நின்றிருந்தாள். அந்தக் காலத்து ரப்பர் காடு இப்போது செம்பனைக் காடு. அவள் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு வழியை நடந்து காட்டினாள். "இங்க இலை கெடையாது, முள்ளுதான். மட்ட அடுக்கியிருக்கிற வரிசைப் பக்கமே போகாதீங்க. அடுத்த வரிசையில வண்டி போற பாதை இருக்கு பாருங்க, அதிலேயே ஓடுங்க." பட்டணத்துப் பிள்ளையிடம் திரும்பி, "நீயும்தான்மா, நல்லாப் பாத்துக்க" என்றாள். எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வேரும் பலகையும் கண்முன் வந்தன.

மாவட்டப் போட்டியில் கோப்பை வரவில்லை. பட்டணத்துப் பிள்ளை ஐந்தாவது, இவள் ஏழாவது. எங்கள் அணி நான்காவது இடம். என் தோழி மகளிடம் முதலாவதா வந்தியா என்று கேட்கவில்லை. "உனக்கு முன்னால போனது யாரு? அந்தப் பிள்ளைகிட்டப் பேசினியா?" என்றுதான் கேட்டாள். மகள் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்த தோழியைக் கையால் காட்டினாள்.

பெண் பிள்ளைகளை ஓடவிடத் தயங்குகிற பெற்றோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்லி வைக்கிறேன். 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றது பலருக்கு நினைவிருக்கலாம். அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்று வந்தவர் எம். ராஜாமணி என்ற நம் பெண். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருது முதன்முதலில் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது. நார்வே நாட்டின் கிரேட்டா வைட்ஸ் என்ற பெண்மணி உலகக் குறுக்கோட்டப் போட்டியில் ஐந்து முறை வென்றவர். அவரும் ஒரு பள்ளி ஆசிரியைதான். அவர்களைப்போல எல்லாரும் ஆக முடியாது. ஆக வேண்டும் என்பதுமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கும் கால்கள் இருக்கின்றன.

ஆகவே இந்த ஆண்டு அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் யோசித்துக் கையொப்பம் போடுங்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு போன்றவை இருந்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஓடுகிற நாளில் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். சப்பாத்து புதிதாக இருக்க வேண்டியதில்லை, காலுக்குச் சரியாக இருந்தால் போதும். முடிந்தால் முதல் நாள் மாலை பிள்ளையோடு அந்த வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் பிள்ளையைவிட வேகமாக ஓடுகிற பிள்ளையானால் இன்னும் நல்லது.

ஓடி முடித்து வந்ததும் முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு, "முன்னால யாரு போனா? பின்னால யாரு வந்தா?" என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தால் உங்கள் பிள்ளை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. பெயர் தெரியாவிட்டால், அடுத்த வாரம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.